இடது காலுக்குத் தனிக் கூலி

ஒரு ஷூவோடு என் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

தப்பு முழுக்க என்னுடையது. மெஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தது. எட்டாம் சைஸ் இடது ஷூவின் பக்கவாட்டில் ஆரம்பித்த தையல், கொஞ்சமும் பிசகாமல் என் மணிக்கட்டுப் பட்டன் வரை வந்து நின்றிருந்தது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு கத்தரிக்கோல் கேட்டிருக்கலாம். பதறி எழுந்தேன். கையோடு ஷூவும் எழுந்தது. அது போய்ப் பக்கத்து ஸ்டூலில் இருந்த ரப்பர் பசை டின்னை இடித்தது. டின் கன்வேயர் பெல்ட்டின் மேல் கவிழ்ந்தது. பெல்ட் அந்தப் பசையை ஹால் முழுக்க எடுத்துப்போய்ப் பரிமாறிவிட்டு, ஏப்பம் மாதிரி ஒரு சத்தத்தோடு நின்றது. அறுபது ஆண்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். மணி பத்தே கால். நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஃபோர்மேன் வந்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் முதுகில் தட்டினார்.

"பரவால்ல விடுப்பா. ஆம்பளக் கை, வேகம் ஜாஸ்தி."

நான் தையல்காரன் இல்லை என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். துப்பறிவது எங்கள் சீனியர். பதினான்கு வருஷமாக அங்கே இருப்பவர். அவர் துப்பு துலக்குவார், நான் எதையாவது உடைப்பேன். நான் சேர்ந்த இரண்டு வருஷமாக இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போகிறது. அவர் என்னைத் துரை என்று கூப்பிடுவார். மரியாதையினால் அல்ல.

அந்த நிமிஷத்தில் சீனியர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வலது ஷூ தைத்துக்கொண்டிருந்தார். அந்த ஃபேக்டரியின் விசித்திரமே அதுதான். இடது ஷூ எல்லாம் ஆண்கள் ஹாலில், வலது ஷூ எல்லாம் பெண்கள் ஹாலில். வாசல் வேறு, டீ நேரம் வேறு. இப்போதைய முதலாளியின் அப்பா காலத்து ஏற்பாடு. ஒற்றை ஷூவைத் திருடிக்கொண்டு போய் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. இரண்டு காலும் முதன்முதலாகச் சந்திப்பது நடுவில் இருக்கும் ஜோடி அறையில். அங்கே ஒரு அம்மா இடதையும் வலதையும் சேர்த்து, உள்ளே இன்சோல் அட்டையைப் போட்டு, பெட்டியில் வைத்து மூடுவார். எல்லோரும் அவரை ஜோடியக்கா என்பார்கள்.

இரண்டு வாரமாகக் கடைகளிலிருந்து புகார். ஷூ வாங்கியவர்கள் இன்சோலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே துண்டுச் சீட்டு. இடது ஷூவில்: 'இதைத் தைத்தவருக்கு ஒரு நாள் கூலி 912.' வலது ஷூவில்: 'இதைத் தைத்தவருக்கு ஒரு நாள் கூலி 608.' வேறு ஒரு வார்த்தை கிடையாது. ஒரு வாடிக்கையாளர் கடைக்காரரிடம், அப்படியென்றால் வலது ஷூவை எனக்கு மூன்றில் இரண்டு பங்கு விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டாராம்.

போன வாரம் முதலாளி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மேஜைக்கு அடியில் இரண்டு ஷூவையும் மாறி மாறிக் கழற்றி மாட்டிக்கொண்டே பேசினார். சொந்த ஃபேக்டரி சரக்குதான், வீட்டில் புதிதாக எடுத்து வைத்தார்கள், என்னவோ உறுத்துகிறது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சீட்டு வைத்தவளைக் கண்டுபிடிக்க வேண்டும், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்.

'வைத்தவள்' என்று எப்படி முடிவு செய்தார் என்று சீனியர் கேட்டார்.

"ஆம்பளைங்களுக்கு இதுல என்ன குறை?" என்றார் முதலாளி.

இதைச் சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடித்தார். தான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் கடைசிவரை விழவில்லை.

தானே கொஞ்சம் துப்பறிந்து பார்த்ததாகவும் சொன்னார். பெண்கள் ஹாலில் அறுபது பேரையும் வரிசையில் நிற்க வைத்து, 912 என்று எழுதச் சொல்லி, சீட்டோடு ஒப்பிட்டாராம். ஒன்றும் ஒத்துப்போகவில்லை. ஆண்களை எழுதச் சொல்லவில்லையா என்றேன். ஆண்களின் நேரத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்றார். கடைசியில் சந்தேகம் ஜோடியக்கா மேல் வந்து நின்றது. அவருடைய கையெழுத்தும் ஒத்துப்போகவில்லைதான், ஆனால் இன்சோல் போடுவது அவர். வேறு பெயர் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை அவரை நீக்குவது என்று தீர்மானம். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அடுத்த வருஷம் மொத்தமாக வரவேண்டிய சர்வீஸ் பணத்தில் ஒரு தையல் மெஷின் வாங்கி வீட்டோடு உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தவர். முழங்கால் நிற்க விடவில்லை. குற்றம் என்று எழுதி நீக்கினால் அந்தப் பணம் போய்விடும்.

அதனால்தான் நாங்கள் புது வேலையாட்கள் வேஷத்தில் வியாழக்கிழமை உள்ளே நுழைந்தோம். நான் இடது, சீனியர் வலது.

பசையைச் சுரண்டி பெல்ட்டை ஓட்ட மாலை நாலு மணி ஆயிற்று. அதுவரை அறுபது ஆண்களும் சீட்டாடினார்கள். நான் சட்டைக் கையில் தொங்கும் தோல் துண்டோடு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஆனால் அன்றைக்கு இருநூறு ஜோடி போயே ஆகவேண்டும். ஃபோர்மேன் சத்தம் போடாமல் இடது ஷூ மூட்டைகளைப் பின்வாசல் வழியாகப் பெண்கள் ஹாலுக்குத் தள்ளிவிட்டார். தங்கள் வலதையும் தைத்து, எங்கள் இடதையும் தைத்து, ஐந்து மணிக்குள் பெண்கள் முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

புது ஆட்களுக்கு முதல் வாரம் அன்றன்றைக்கே சம்பளக் கவர். தெரு முனையில் நின்று இருவரும் பிரித்துப் பார்த்தோம். ஒரு சட்டைக் கையைத் தைத்து ஒரு ஹாலையே நிறுத்தியதற்கு எனக்குத் தொள்ளாயிரம். மூன்று வலதும் நாலு இடதும் தைத்ததற்கு சீனியருக்கு அறுநூறு.

"இடது தைக்க என்ன தனித் திறமை வேணும் சீனியர்?"

"தோலை இந்தப் பக்கம் திருப்பறதுக்குப் பதிலா அந்தப் பக்கம் திருப்பணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சீட்டில் எவ்வளவு எழுதியிருந்தது என்று கேட்டார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு என்றேன். கையில் வந்தது தொள்ளாயிரம். அந்தப் பன்னிரண்டு எங்கே?

ஓடிப்போய் வாசலில் நின்ற ஃபோர்மேனிடம் கேட்டேன். எந்தப் பன்னிரண்டு என்று திருப்பிக் கேட்டார். இருபது வருஷமாக இடது ஹாலில் இருப்பவர், வாழ்க்கையில் அந்த எண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை. சீனியர் தன் பக்கத்துப் பெண்களிடம் விசாரித்துவிட்டு வந்தார். அறுநூறு தெரியும், அறுநூற்று எட்டு யாருக்கும் தெரியாது.

"அப்ப சீட்டு எழுதினது கவர் வாங்கற ஆள் இல்ல," என்றார். "கவர் போடற ரிஜிஸ்டரைப் பாக்கற ஆள்."

நான் உடனே முதலாளிதான் என்று சொன்னேன். அவரே வைத்துவிட்டு, அவரே நம்மிடம் வந்திருக்கிறார், பயங்கரமான மூளை.

"அந்த ஆளுக்கு அவ்வளவு மூளை இருந்தா நமக்கு வேலை இருந்திருக்காது துரை. பஸ்ஸுக்கு நேரமாச்சு, நட."

நட என்றால் நிஜமாகவே நட. இரண்டு ஸ்டாப் நடந்துபோய் ஏறினால் டிக்கெட் குறையும் என்பது அவர் கணக்கு. கைப்பையின் ஜிப்பை மூன்றாவது தடவையாக மாற்றி வைத்திருப்பவர். பதினான்கு வருஷ சீனியர், என்னைப்போல் இரண்டு மடங்காவது வாங்குவார், அப்படியும் இந்தக் கஞ்சத்தனம். இன்று கேட்டே விடுவது என்று, நம் அலுவலகத்தில் உங்களுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன்.

"ஏன், எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போறியா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெள்ளி காலை எட்டரைக்கு ஜோடி அறையில் இருந்தோம். ஜோடியக்கா ஒரு முழங்காலை ஸ்டூலில் மடித்து வைத்து, நின்றபடி வேலை செய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, பத்து மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் இந்த நாற்பது பெட்டியை முடித்துவிடுகிறேன் என்றார். நீக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் நாற்பது பெட்டி.

சீனியர் ஒரு இன்சோலைத் திருப்பினார். பின்புறம் சீட்டு ஒட்டியிருந்தது. என் மூக்கில் நீட்டினார்.

"மோந்து பாரு."

"ஒரு வாசனையும் இல்லையே."

"அதான்."

அந்தக் கட்டடத்தில் ரப்பர் பசை நாறாத பொருளே கிடையாது. சுவர் நாறும், டீ நாறும், முந்தைய நாளிலிருந்து நானும் நாறுகிறேன். பேரல் பேரலாகப் பசை இருக்கும் இடத்தில் இந்தச் சீட்டை ஒட்டியவர் ஆபீஸ் கோந்தால் ஒட்டியிருக்கிறார். சீனியர் தன் சம்பளக் கவரை எடுத்து, மடிப்பைப் பிரித்து, பக்கத்தில் வைத்தார். அதே கோந்து.

இன்சோல் எங்கிருந்து வருகிறது என்று ஜோடியக்காவிடம் கேட்டார். ஆபீஸ் பீரோவிலிருந்து தினமும் காலையில் கட்டுக்கட்டாக எண்ணி வரும் என்றார். சீட்டு ஒட்டியிருப்பது கைக்குத் தட்டுப்படவில்லையா என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"தட்டுப்படாம என்ன தம்பி. பத்தொம்பது வருஷமா விரல்லதான் பொழப்பு. நல்லா இருக்கட்டும்னு அழுத்தி வெச்சேன்."

இதை முதலாளியிடம் சொல்லப்போகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. அடுத்த பெட்டியை எடுத்தார். எனக்குத்தான் ரப்பர் பசை கண்ணில் பட்டமாதிரி எரிந்தது.

பத்து மணிக்கு முதலாளியின் அறை. அவர் வழக்கம்போல வலது ஷூவைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் டைப் அடித்த நீக்க உத்தரவு. பக்கத்திலேயே கண்ணாடித் தடுப்புக்குள் அவர் மனைவி, முதலாளியம்மா, ஒரு பெரிய ரிஜிஸ்டரில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜோடியக்கா கதவோரம் நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சீனியர் தனக்குப் போட்ட நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு கூலி என்று சீனியர் முதலில் கேட்டார். முதலாளி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி, முந்தைய நாள் சரக்கிலிருந்து சீனியர் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்த இடது ஷூவை எடுத்தார்.

"இந்தத் தையலைப் பாருங்க. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேர்த்தி. இது ஆம்பளக் கைக்குத்தான் வரும். வலதுல இது வராது."

சீனியர் ரொம்பப் பணிவாகத் தலையாட்டினார். அவர் அவ்வளவு பணிவாகத் தலையாட்டினால் எனக்குப் பயம் வந்துவிடும்.

முதலாளி தடுப்புப் பக்கம் திரும்பி, ஜோடியக்கா கணக்கை முடித்து எடுத்து வா, அப்படியே மூணு டீ சொல்லு என்றார். முதலாளியம்மா ரிஜிஸ்டரோடு வந்தார். பார்க்கலாமா என்று சீனியர் கேட்டு வாங்கி, என்னிடம் நீட்டினார். இடது ஹால்: 912, நலநிதிப் பிடித்தம் 12, கையில் 900. வலது ஹால்: 608, பிடித்தம் 8, கையில் 600. யாருடைய நலம் என்று எழுதவில்லை. ஒன்பது என்ற எண்ணின் வால் ஒரு சுற்று சுற்றி நின்றது. சீட்டிலும் அதே வால், அதே சுற்று. நான் வாயைத் திறந்தேன். சீனியரின் குதிகால் என் பாதத்தில் இறங்கியது. வாயை மூடினேன்.

"கணக்கு எழுதறது யார் சார்?" என்றார் சீனியர்.

"அதுக்குன்னு ஆள் கிடையாது. வீட்ல சும்மா எழுதி வெப்பா."

முதலாளியம்மா மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சார். கால்ல உறுத்துதுன்னு சொன்னீங்களே, ரெண்டு ஷூவையும் குடுங்க. துரை, இன்சோலை எடு."

எடுத்தேன். இரண்டிலும் ரிஜிஸ்டர் அட்டையிலிருந்து வெட்டிய தடித்த துண்டு. ஒரு வாரமாக மனுஷன் அதன் மேல்தான் நடந்திருக்கிறார். உரக்கப் படி என்றார் சீனியர். படித்தேன்.

இடது ஷூவில்: 'இதைப் போட்டிருப்பவர் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது 31,400.'

வலது ஷூவில்: 'இவருடைய கணக்கை எழுதுபவருக்கு ஒரு நாள் கூலி 0.'

டீ வந்தது. யாரும் தொடவில்லை. முதலாளியம்மா பேனாவுக்கு மூடி போட்டார்.

"நான்தான் வெச்சேன். இருபத்திரெண்டு வருஷமா தினமும் என் எழுத்துக்குக் கீழதான் கையெழுத்துப் போடறீங்க. அறுபது பேரை நிக்க வெச்சு எழுதச் சொல்லிப் பாத்தீங்க. என் எழுத்து உங்களுக்கு அடையாளம் தெரியல."

முதலாளி வெறுங்காலோடு எழுந்தார். பிறகு சீனியர் பக்கம் திரும்பி, வீட்டு விஷயத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், ரிப்போர்ட்டில் ஜோடியக்கா பெயரையே எழுதிவிடும்படியும் சொன்னார்.

"அப்படி எழுத முடியாது சார். சீட்டு வெச்சது இந்தக் கம்பெனியில வேலை பாக்கற யாரும் இல்லன்னுதான் எழுத முடியும். வெச்சவங்க பேர் ரிஜிஸ்டர்லயே இல்லையே. வேலையில இல்லாதவங்களை எப்படி நீக்குவீங்க?"

"கூலி வித்தியாசம் தொழில் வித்தியாசம்," என்று முதலாளி அந்த இடது ஷூவை மறுபடி தூக்கினார். சீனியர் அதன் நாக்கை இழுத்து மடக்கிக் காட்டினார். உள்ளே நீல நூலில் குட்டியாக ஒரு முடிச்சு.

"இது நான் தைச்சது. நேத்து மத்தியானம், வலது ஹால்ல. அடையாளத்துக்கு முடிச்சுப் போட்டேன். அப்ப ஆம்பளைங்க ஹால் ஓடவே இல்ல. காரணம் இங்கதான் நிக்குது." என்னைக் காட்டினார். அதே நேற்றைய சட்டைதான்; தோல் துண்டு தொங்கும் கையைத் தூக்கிக் காண்பித்தேன்.

முதலாளியம்மா ரிஜிஸ்டரை விரித்தார்.

"அதைத்தான் நேத்துலேந்து கேக்கணும்னு இருக்கேன். இருநூறு இடது, தைச்சது பெண்கள். இதுக்கு 912 எழுதறதா, 608 எழுதறதா? ரெண்டு கட்டம்தான் இருக்கு. எதுல எழுதறதுன்னு நீங்களே சொல்லுங்க."

முதலாளியம்மா ரிஜிஸ்டரை மூடி அதன் மேல் கையை வைத்தார். நாளை வாரச் சம்பளம், நூற்றிருபது கவர். இது முடிவாகாமல் பேனா எடுப்பதாக இல்லை என்றார்.

அப்போது முதலாளி செய்த காரியத்தை நான் என் பேரன் பேத்திகளுக்குச் சொல்லுவேன். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உனக்குக் கணக்கு வருமா? நாளைக்கே வா. நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு தரேன்."

சட்டையில் ஷூ ஒட்டிய ஒருவனுக்கு ஆயிரத்து ஐந்நூறு. சொல்லி முடித்த பிறகுதான், யார் முன்னால் சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முதலாளியம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார். ரிஜிஸ்டரின் கடைசியில் புது வரி போட்டார். 'கணக்கர், ஒரு நாள் கூலி 1,500.' மேலே வந்து வலது ஹாலின் 608ஐ ஒரே கோட்டில் அடித்து 912 என்று எழுதினார். வால் அழகாக ஒரு சுற்று சுற்றியது. இந்த வாரம் மட்டும் என்றார் முதலாளி. அந்த அம்மா 'இந்த வாரம் முதல்' என்று எழுதி, பேனாவை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அவர் கையெழுத்துப் போட்டார். வெறுங்காலோடு. நீக்க உத்தரவை ஜோடியக்காவே எடுத்து நாலாக மடித்து, இருக்கிற பெட்டியில் எதற்காவது அண்டக் கொடுக்கலாம் என்று கொண்டுபோனார்.

வெளியே வந்து வழக்கம்போல நடந்தோம். பெரியவர், அதாவது எங்கள் அலுவலக முதலாளி, இந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் குதிப்பார் என்றேன். குதிக்கட்டும், உடம்புக்கு நல்லது என்றார் சீனியர். எனக்கு ஒரே குஷி. அந்த முதலாளியை அவர் நடையிலேயே நடந்து காட்டினேன். பக்கத்துப் பக்கத்து ஹாலில் ஒரே வேலைக்கு இரண்டு கூலி, அதுகூடத் தெரியாமல் அந்த ஆண்கள் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கிறார்களே, எப்பேர்ப்பட்ட மடையர்கள் என்றேன். என் கவரிலிருந்து முந்நூறை எடுத்து, வித்தியாசத்தை நானே சரிசெய்துவிடுகிறேன் என்று பெருந்தன்மையாக நீட்டினேன்.

அவர் நின்றார். பணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைப்பையின் புது ஜிப்பை ஒருமுறை திறந்து மூடினார்.

முதல் தடவையாக எனக்கு உள்ளே எதுவோ உறுத்தியது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"சீனியர், இந்தத் தடவை விளையாட்டுக்கு இல்ல. பெரியவர் உங்களுக்கு எவ்வளவு தராரு?"

"உனக்கு?"

"இருபத்தெட்டாயிரம்."

"எனக்கு இருபத்தொண்ணு."